பூட்டிய அலமாரியும் செல்லம்மா மதினியும்

நான் வேலை பார்க்கும் இந்த இங்கிலாந்து மருத்துவமனையின் கோப்பு அறையில் எந்த அலமாரியையும் யாரும் திறக்கலாம் என்றுதான் இருந்தது. போன ஐப்பசியில் ஒருநாள் காலை போனால் எல்லாவற்றுக்கும் பூட்டு. யார் யார் திறக்கலாம் என்று கதவுகளில் பெயர்ச்சீட்டு. என் பெயர் எலும்புமுறிவுப் பிரிவில் மட்டும். பெண்கள் பிரிவு அலமாரி அருகே தயங்கி நின்றேன். மேலாளர் மிஸஸ் ஹாரிஸ், “நாட் ஃபார் யுவர் ஐஸ், லவ்” என்றாள். என் பார்வையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, என் கண்ணில் குறையில்லை என்று நான் விளக்கம் சொல்ல, அவள் சிரித்தாள். பிறகு நிதானமாக, எனக்கு அனுமதியில்லை என்று புரியவைத்தாள்.

நான் தேடியது, அங்கே பெண்கள் வார்டில் சேர்ந்திருந்த செல்லம்மா மதினியின் கோப்பு. அவள் கணவர் முத்தையா அண்ணன் காரியாபட்டிக்காரர். இங்கே என் கணவரோடு நூல் ஆலையில் வேலை. முந்தின நாள்தான் வந்து, “டாக்டரு பேசுறது புரியல, இவளும் வாயத் தெறக்க மாட்டேங்குறா. நீ உள்ளதான இருக்க தங்கச்சி, பாத்துச் சொல்லு” என்று கெஞ்சியிருந்தார்.

ஊரில், பாலவனத்தத்தில் நாங்கள் இருந்தபோது பக்கத்து மருந்தகத்தில் நோயாளிகளின் சீட்டுகள் மேசைமேல் திறந்தே கிடக்கும். என் அக்காவுக்குச் சயரோகம் என்று எழுதிய சீட்டை யாரோ புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். அக்கா வீடு திரும்புமுன் சேதி அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறி, சம்பந்தம் பேசியிருந்த வீட்டுக்குப் போய்விட்டது. நோய் குணமானது. பேசிய இடம் திரும்பி வரவில்லை.

பார்வை நேரத்தில் வார்டுக்குப் போனேன். மதினி என் கையை இறுகப் பிடித்தாள். “கர்ப்பப்பைய எடுத்துட்டாக. அவுகளுக்குச் சொல்ல வேணாம்னு நான்தான் இலங்கை நர்சம்மாகிட்டச் சொல்லிவச்சேன். தெரிஞ்சா ஊருக்கு எழுதிருவாக. மாமியா அவுகளுக்கு வேற பொண்ணு பாத்துருவாக.”

வெளியே அண்ணன் மழையில் காத்திருந்தார். “மதினிகிட்டயே கேளுங்கண்ணே. நான் சொல்லக் கூடாது” என்றேன்.

“நம்மூரா இருந்தா இப்படிச் சொல்லுவியா? வெள்ளைக்காரியாயிட்ட.”

ஊராக இருந்தால் சொல்லியிருப்பேன்தான். அது சரியா என்று அன்றிலிருந்து எனக்குள் அலைபாய்கிறது.

வீட்டுக்கு வந்த சில நாளில் மதினியே அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் அழுதாராம். ஊருக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அவளுக்கு இப்போது கஞ்சி காய்ச்சுவதும் அவர்தான். ஆனால் என்னோடு பேச்சில்லை.

பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனோம். “வாங்க மாப்ள” என்று அண்ணன் என் கணவரை மட்டும் கூடத்துக்கு அழைத்தார். அடுப்படியிலிருந்து மதினி, “உள்ள வாடி” என்று கூப்பிட்டாள். அங்கே போக அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். பனி ஒட்டிய கோட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல், முதல் பொத்தானில் விரலை வைத்தபடி வாசற்கதவருகே நின்றேன்.