என் அண்ணன் கெடுத்த நட்சத்திரம்

என் அண்ணன் எல்வுட்டுக்கு மனுஷர்களின் முகம் நினைவில் நிற்காது. களஞ்சியத்தின் முகம் மறக்காது. யாராவது எதிரே வந்து கையைக் குலுக்கினால் இளித்துக்கொண்டு நிற்பான். அப்புறம் என் காதோரம் குனிந்து, "மேமி, இவரு யாரு?" என்பான். லீபி வீட்டு மருமகன் என்று சொன்னால் புரியாது. "செவப்புக் களஞ்சியம், நடுவுல பச்சை நட்சத்திரம், இடது கதவு மேல பெயிண்ட் உரிஞ்சு கெடக்குமே, அந்த வீடு" என்றால்தான், "அடடே, அவரா!" என்று முகம் மலரும். இப்படி ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு நான் கல்யாண வீட்டுக்கும் இழவு வீட்டுக்கும் போய் வந்திருக்கிறேன். என் பொறுமைக்குச் சிலை வைக்க வேண்டும்.

பிழைப்பு அவனுக்குப் பால் லாரி. பெர்க்ஸ் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தின் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி, பண்ணை பண்ணையாகப் பால் ஏற்றி, டிப்போவில் கொண்டுபோய்ச் சேர்ப்பான். எங்கள் பக்கத்தில் வீட்டைவிடக் களஞ்சியம்தான் பெரிது. கீழே மாடு, மேலே வைக்கோல், முகப்பில் வர்ணத்தில் வரைந்த பெரிய நட்சத்திரம். வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்தால் பொறுத்துக்கொள்வோம், களஞ்சியத்து நட்சத்திரம் மங்கினால் மானம் போய்விடும். வெளியூரிலிருந்து காரில் வருகிறவர்கள் இறங்கி நின்று, "இதெல்லாம் சூனியம் அண்டாம இருக்க வரையறதா?" என்று கண்ணை விரித்துக் கேட்பார்கள். அண்ணன், "இல்லீங்க, சும்மா அழகுக்கு" என்பான். அவர்கள் முகம் தொங்கிப்போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அழகு என்றால் போதாதா இவர்களுக்கு?

வாரமெல்லாம் அந்தக் களஞ்சியங்களின் வாசலில் பால் ஏற்றியவன், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட்டதும் மறுபடி அவற்றைப் பார்க்கத்தான் கிளம்புவான். பிக்கப் வண்டியில் நானும் கூட. என் வீட்டுக்காரர் போனபின் நான் அண்ணனோடுதான் இருக்கிறேன், தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்குப் பதில் ஊரான் வீட்டுப் பலகைச் சுவரைப் பார்க்கலாமே என்று போவேன். ஒரு வழக்கம் உண்டு. யாருடைய களஞ்சியமானாலும் முதலில் அடுக்களை வாசலில் நின்று கேட்க வேண்டும். கேட்காமல் அந்தப் பக்கம் கால் வைக்கிறவனை நாய் கடித்தால் நாய்க்குத்தான் பரிவு கிடைக்கும். அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்பான். சரி என்றதும் கேமராவில் முகப்பை ஒரு படம் எடுத்துக்கொள்வான். உள்ளே போனால் உத்தரத்தில் பழைய தச்சர்கள் உளியால் போட்ட அடையாளங்களைத் தடவிப் பார்ப்பான். செங்கல் சுவரில் காற்று வரக் கதிர்க்கட்டு வடிவில் ஓட்டை விட்டிருப்பார்கள், அதன் வழியாக விழும் வெயிலில் நின்றுகொண்டு, "பாரு மேமி, பாரு" என்பான். என்னத்தைப் பார்ப்பது? தூசிதான் பறக்கும். ஆனாலும் அவன் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அதை அவனிடம் சொன்னதில்லை, தலைக்கு ஏறிவிடும்.

கல்யாணம் ஆகவில்லை. நாங்கள் முயலாமல் இல்லை. பெண் பார்க்கட்டும் என்று சாப்பாட்டுக்கு ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனால், பெண்ணின் அப்பாவோடு களஞ்சியத்துக்குள் போய்விடுவான். பெண் மேஜையில் காத்திருக்கும், சூப் ஆறும். இரண்டு மூன்று வீடு அப்படிப் போனபின் அம்மா, "இவனுக்கு ஒரு நட்சத்திரத்தையே கட்டி வை" என்று கையை விரித்துவிட்டாள்.

அவனுக்கு அறுபது வயதானபின் வந்தாள் வெர்னா.

அவள் பண்ணையில் அண்ணன் வெகுகாலம் பால் ஏற்றியிருக்கிறான். அவள் வீட்டுக்காரன் ரேமண்ட் இறந்த மறு வருஷம் மாடுகளையெல்லாம் விற்றுவிட்டாள். பால் நின்றது, லாரி நிற்கவில்லை. தினமும் அவள் வாசலில் ஒரு தரம் நின்று, காபி குடித்துவிட்டுத்தான் போகும்.

"ஏண்ணே, பால் இல்லாத வீட்டுக்குப் பால் லாரி எதுக்கு?" என்று கேட்டேன்.

"அங்கதான் வண்டியத் திருப்ப வசதி."

"ஆமாமா. காபி கோப்பையச் சுத்தித்தான் திருப்புறியோ?"

காது சிவந்து எழுந்து போய்விட்டான். அந்த ஞாயிறே வெர்னாவையும் கூப்பிட்டுக்கொண்டோம். பிக்கப்பில் ஒரே நீள சீட்டு. நடுவில் நான் நெருக்கிக்கொண்டு உட்காருவேன், இருவரும் என் தலைக்கு மேலாகப் பேசிக்கொள்வார்கள். வெர்னா பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டையும் வெல்லப்பாகு கேக்கும் கட்டிக்கொண்டு வருவாள். நன்றாகச் சிரிப்பாள். ரேமண்ட் போனபின் சிரிக்கவே மறந்திருந்தவள் என்று ஊரே சொன்னது. வாரத்தில் ஆறு நாளும் அண்ணன் ஏழாம் நாளுக்காகத்தான் ஓட்டினான். வாழ்க்கையில் அவன் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே மனுஷத் துணை அதுதான்.

இத்தனை அழகான களஞ்சியங்களைத் தேடிப் பார்த்தோமே, வெர்னாவின் களஞ்சியம் கண்கொண்டு பார்க்க முடியாது. முகப்பில் ஒரு ஆறு இதழ்ப் பூ. ரேமண்ட் வரைந்தது. ஐந்து இதழ் ஒழுங்கு, ஒன்று மட்டும் வீங்கிப்போய் வட்டத்தை விட்டு வெளியே வழிந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு அடித்து மிஞ்சிய மட்டமான பெயிண்ட் வேறு, பாதி உதிர்ந்துவிட்டது. ஒரு ஞாயிறு, புதுசாக வர்ணம் பூசிய ஒரு நட்சத்திரத்தின் முன் நின்றபோது வெர்னா, "இதப் பாத்துட்டு எங்க வீட்டுக்குப் போனா, செவுத்துல சாணிய அப்பின மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அண்ணன் மட்டும் சிரிக்காமல் அதை மனதில் முடிந்துகொண்டான்.

பழைய நாளில் அடித்த ஈயப் பெயிண்ட் கெட்டி. அது இருந்த இடத்தில் பலகை அரிக்காது, சுற்றியுள்ள இடம் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து உள்ளே போய்விடும். வர்ணம் போய் நூறு வருஷம் ஆனாலும், சாய்ந்த வெயிலில் பார்த்தால் பழைய நட்சத்திரம் பலகையில் லேசாகப் புடைத்துத் தெரியும். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு பைத்தியம். அண்ணன் ரேமண்டின் பூவுக்கு அடியில் ஒரு எட்டு முனை நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டான். யாரோ தாத்தன் காலத்தது. அதுதான் அந்தக் களஞ்சியத்தின் அசல் முகம் என்று தீர்மானித்துவிட்டான்.

வெர்னா அலன்டவுனில் மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போனாள். அண்ணன் லீவு போட்டான். ஒவ்வொரு அடுக்களை வாசலிலும் தொப்பியைக் கழற்றிக் கேட்கிற மனுஷன், இந்த ஒரு களஞ்சியத்தில் கேட்காமல் சாரம் கட்டினான். கேட்டுவிட்டால் திடீரென்று காட்டிச் சந்தோஷப்படுத்த முடியாதாம். மிச்சமிருந்த பூவைச் சுரண்டி எடுத்தான், புடைத்த கோட்டைப் பிடித்து எட்டு முனையையும் வரைந்தான். மஞ்சள், சிவப்பு, சுற்றிலும் கறுப்பு விளிம்பு. நானே சொல்கிறேன், அந்தக் கவுண்டியில் அப்படி ஒன்று இல்லை. தீவனக் கடைக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கி, தொப்பியைத் தூக்கிவிட்டு, "எல்வுட், நூல் புடிச்ச மாதிரி இருக்கய்யா" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருவது கல்லில் நார் உரிப்பது போல.

வெர்னா வந்து இறங்கினாள். பெட்டியைக் கீழே வைக்காமல் நின்று பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த ஞாயிறு வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. லாரி போய் நின்றால் கதவு திறக்கவில்லை. அண்ணன் தட்டில் வைத்ததை அளைந்துவிட்டு எழுந்துபோனான். கேமராவைத் தொடவில்லை. பிக்கப்பின் சாவி ஆணியிலேயே தொங்கியது. அறுபது வயது மனுஷன் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. கோபம் கோபமாக வந்தது, அவள் மேல்தான். கிளம்பி நேரே அவள் அடுக்களைக்குப் போனேன்.

"உனக்கு ஓசியில சாரம் கட்டி, ஒரு வாரம் வெயில்ல காஞ்சு பெயிண்ட் அடிச்சான் பாரு, அவனச் சொல்லணும். பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லித் தொலையேன்!"

வெர்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அந்தக் கோண இதழ் எப்பிடி வந்துச்சு தெரியுமா மேமி?"

"ரேமண்டுக்குக் கை வராதுன்னு ஊருக்கே தெரியும்."

"அவருக்கு கை நல்லா வரும். நூலோட ஒரு முனைய நடுவுல நான் அழுத்திப் புடிச்சிருந்தேன். மறு முனையில ஆணியக் கட்டி அவரு பலகையில கீறிக்கிட்டே வந்தாரு. அஞ்சு இதழ் முடிஞ்சுது. ஆறாவதுல, தோளுல மாட்டுற சஸ்பெண்டர் வாரோட பட்டன் தெறிச்சு கால்சட்ட சரசரன்னு கீழ போச்சு. சாரத்து மேல, ரோட்டுல போறவங்க பாக்க! நான் சிரிச்ச சிரிப்புல நூல விட்டுட்டேன். ஆணி இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. கீறினது கீறினதுதான், அழிக்க முடியுமா? 'விடுடி, இந்தப் பக்கம் உன்ன மாதிரி குண்டா இருந்துட்டுப் போவட்டும்'னாரு." கத்தியைக் கீழே வைத்தாள். "தெனம் காலையில ஜன்னலத் தொறந்தா அதான் தெரியும். மத்தவங்க கேலி பண்றதுக்கு முந்தி நானே கேலி பண்ணுவேன். அது என்னோடது, பண்ணலாம். சுரண்டிட்டாரே."

 வாங்கு வாங்கு என்று வாங்கப் போனவள், ஒரு கத்தியை எடுத்துக் கூடவே உட்கார்ந்து கிழங்கு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அண்ணனிடம் சொன்னபோது அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.  கோட்டைக்கூட மாட்டாமல் வண்டியை எடுத்தான், நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். அடுக்களை வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கேக்காம செஞ்சிட்டேங்க" என்றான். "ஊர்ல இருக்கிற களஞ்சியத்தையெல்லாம் படம் எடுத்து வச்சிருக்கேன். ஒங்களோடத மட்டும் எடுக்கல. அசிங்கமா இருக்குன்னு நெனச்சேன். எடுத்திருந்தா அதையாவது குடுத்திருப்பேன். இப்ப எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. மன்னிப்பு கேக்க வரல. இதச் சொல்லிட்டுப் போவலாம்னுதான்."

 அவன் திரும்பி இரண்டு எட்டு வைத்தவன் நின்றான்.

"அந்த ஆணிக் கீறல் இருந்துச்சுங்க. கீழ் முனைக்குப் பக்கத்துல, வட்டத்தத் தாண்டி எறங்கிப் போயிருந்துச்சு. எவன் இப்பிடிக் கிழிச்சு வச்சான்னு திட்டினேன். பட்டி வச்சு அடைக்கணும்னு நெனச்சேன், மழை வர்ற மாதிரி இருந்துச்சா, அப்பிடியே மேல அடிச்சிட்டேன்."

"அடைக்கலையா?"

"இல்லீங்க."

"ஏணி எங்க?" என்றாள்.

வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்தியது காற்றோடு போயிற்று. ஏப்ரனைக் கூட அவிழ்க்காமல் ஏறினாள். கீழே அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஏணியைப் பிடித்துக்கொண்டோம். மேலே போய் அவன் காட்டிய இடத்தில் விரலை வைத்துத் தடவினாள். பளபளக்கிற சிவப்புப் பெயிண்டுக்கு அடியில் விரல் ஓர் இடத்தில் உள்ளே இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டே கை எட்டும் மட்டும் கீழே வந்தாள்.

"அட படுபாவி, இங்கதான் இருக்கியா" என்றாள். அண்ணனைச் சொல்லவில்லை.

வெகுநேரம் அங்கேயே நின்றாள். எனக்குத் தோள்பட்டை கடுத்தது, ஏணியை விடவில்லை. அண்ணன் கண்ணிலிருந்து தண்ணீர் சட்டையில் சொட்டியது, துடைக்கக் கையை எடுத்தால் ஏணி ஆடுமே என்று அப்படியே விட்டுவிட்டான். இறங்கி வந்தவள் மூக்கைச் சிந்திக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"எல்வுட், செவப்பு பெயிண்ட் மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஏறுங்க. அந்தக் கீறல் போற வழியிலயே அந்த முனையக் கொஞ்சம் குண்டாக்குங்க."

உலகத்தில் எந்தக் கோணலையும் பொறுக்காதவன் என் அண்ணன். சாப்பாட்டு மேஜையில் கரண்டி சாய்ந்திருந்தால் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவான். அவன் தன் கையாலேயே, தான் வரைந்ததிலேயே அருமையான அந்த நட்சத்திரத்தின் கறுப்பு விளிம்பைத் தாண்டிச் சிவப்பை இழுத்தான்.

"போதுமாங்க?"

"இன்னும்."

"இதுக்கு மேல போனா நட்சத்திரம் இல்லீங்க, பூசணிக்கா."

"பூசணிக்காயாவே இருக்கட்டும். இன்னும்!"

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவர்கள் இருவரும் கிளம்பினார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலைவலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வசந்தத்தில் எங்கள் லூத்தரன் சர்ச்சிலேயே கல்யாணம் நடந்தது.

கல்யாணத்தன்று வெர்னாவின் வாசலில்தான் விருந்து. கறித் தட்டோடு தீவனக் கடைக்காரர் களஞ்சியத்தை அண்ணாந்து பார்த்தார். தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"என்னய்யா இது! நூல் புடிச்ச மாதிரி இருந்துச்சே. எந்த முட்டாப்பய இந்த முனையக் கெடுத்தது?"

வாசலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்நாளெல்லாம் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசியவன், புதுக் கோட்டில் பட்டனைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றான்.

"நான்தாங்க" என்றான் என் அண்ணன், கடைசி மேஜைவரை கேட்கும்படி.