பசிக்குப் பயந்த பிள்ளை

அண்ணனின் மகள் கனடாவிலிருந்து எங்களைப் பார்க்க வந்தபோது அவளுக்கு இருபது வயது. நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பி, அரிப்பு என்ற கடலோர ஊரில் வீட்டுத்திட்ட வீடொன்றில் குடியிருந்தோம். வந்ததும் பிரிட்ஜில் கொஞ்சம் இடம் கேட்டு, பேனா மாதிரியான ஊசியொன்றை முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சீனி வருத்தமோ பிள்ளை?” நீரிழிவுக்காரர் போடும் ஊசி என்றே நினைத்தேன்.

“இல்லை மாமி. உடம்பு குறையிறதுக்கு. கிழமைக்கு ஒருக்காப் போடுறனான்.”

சட்டையைச் சற்று உயர்த்தி வயிற்றைக் காட்டினாள். சின்னச் சின்னத் தழும்புகள். பதினாறு வயதில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்களாம். தொலைபேசியில் எவ்வளவோ கதைக்கும் அண்ணன் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

“கொஞ்சம் குறைச்சுச் சாப்பிட்டாக் காணாதோ?”

“எல்லாம் செய்து பாத்ததுதான் மாமி. நித்திரையில மூச்சு நிண்டு நிண்டு வந்தது. ஒப்பரேசனுக்குப் பிறகு நல்லா மெலிஞ்சனான். பிறகு திரும்பவும் ஏறத் தொடங்கிட்டுது. அதுக்குத்தான் டொக்டர் ஊசி தந்தவர்.”

வயிற்றை வெட்டிய பிறகும் ஏறுமா? என்னால் நம்பவே முடியவில்லை.

அந்தக் கிழமை அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் கரண்ட் போனது. மருந்து பழுதாகிவிடும் என்று பதறிய என் கணவர், ஊசியைத் தன் மீன் பெட்டியில் உப்புப் போட்ட ஐஸுக்குள் புதைத்துவிட்டார். அவள் வந்து எடுத்தபோது அது உறைந்திருந்தது. உறைந்ததைப் போடக்கூடாதாம். கொண்டுவந்ததும் அந்த ஒன்றுதான். கனடாவிலுள்ள டொக்டருக்கு அழைத்தாள். பயப்பட ஒன்றுமில்லை, திரும்பி வந்ததும் தொடங்கலாம் என்றாராம். ஆனாலும் கதிரையில் இருந்து அழுதாள்.

“பசி திரும்பி வந்திடும் மாமி.”

பசிக்குப் பிள்ளைகள் அழுவதை நான் பார்த்திருக்கிறேன், சோறில்லாத இடங்களில். எங்கள் பானையிலோ சோறு நிறைய இருந்தது.

சில நாட்களில் அது வந்தேவிட்டது. மத்தியானம் என் முன்னால்தான் சாப்பிட்டாள். வயிறு நிறைந்துவிட்டது என்று பாதியை மிச்சம் வைத்தாள். கை கழுவிவிட்டு வந்து குசினி வாசலில் நின்றாள்.

“திரும்பச் சொல்லுது மாமி.”

“என்ன சொல்லுது?”

“சாப்பிடு எண்டு. வயித்தில பசியில்லை. தலைக்குள்ள விடாமக் கேக்குது. ஊசி போட்ட பிறகுதான் அது நிண்டது.”

ராமேஸ்வரத்துக்குப் படகில் போனபோது நாங்களும் பசியோடு கிடந்தோம். கரையில் யாரோ தந்த சோற்றோடு எங்கள் பசி அடங்கியது. இவளுடையது சின்ன வயதிலிருந்தே அடங்கவில்லை. களவாகத் தின்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம்.

என்ன செய்வதென்று தெரியாமல், “வா, கடற்கரைக்குப் போவம்” என்றேன். அது கேட்கும்போதெல்லாம் என்னிடம் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தேன். அவள் போகும்வரை பின்னேரங்களில் அப்படித்தான் நடந்தோம்.

கனடா போனதும் குறைந்த அளவில் ஊசியை மறுபடி தொடங்கினாள். இப்போது வீடியோவில் கதைக்கும்போது, எப்படி இருக்கிறது என்று நான் கேட்பேன். அண்ணன் வாய் திறக்கமுன் அவளே சொல்வாள்:

“அமைதியா இருக்கு மாமி.”