நேரில் சொல்லாத சேதி

எங்கள் மலைக் கிராமமான தலைச்சோலையில் சமதளம் என்று இருந்தது காப்பிக்கொட்டை காயப்போடும் களம் ஒன்றுதான். அதன் ஒரு பக்கம் செங்குத்துச் சரிவு. பந்தைக் கோட்டை விட்டால் அது காப்பிச் செடிகளுக்குள் புகுந்து ஓடை வரைக்கும் உருண்டு போய்விடும். விட்டவர்தான் இறங்கி எடுத்து வர வேண்டும் என்பது எங்கள் சட்டம். என் தங்கைக்கு இறங்கி ஏற அப்படி ஒரு சோம்பல், அதனால் பந்தை விடவே மாட்டாள். அவள் கோல்கீப்பர் ஆன கதை இவ்வளவுதான். பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்டபோது அப்பா இதைத்தான் சொன்னார். அவர்கள் அதை எழுதாமல், கனவு, விடாமுயற்சி என்று ஏதேதோ எழுதிக்கொண்டார்கள்.

பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கால்பந்துப் போட்டிக்கு அவளை இந்திய அணியில் எடுத்திருந்தார்கள். அது தகுதிச் சுற்று. ஒரு பிரிவில் நான்கு நாடுகள். அதில் முதலில் வரும் ஒரே ஓர் அணி மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகும். மற்ற மூன்றும் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்கள் பெண்கள் முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஜெயித்தார்கள். போட்டியை நடத்திய நாட்டு அணியும் இரண்டிலும் ஜெயித்திருந்தது. கடைசி ஆட்டம் அவர்களோடுதான். கோல் கணக்கில் நாங்கள் முன்னால் இருந்ததால் சமன் செய்தாலே போதும், தோற்கக் கூடாது. தங்கைக்கு இதைத் தவறவிட்டால் இந்த வயதுப் பிரிவில் இன்னொரு வாய்ப்பு கிடையாது. அடுத்த முறை வரும்போது வயது தாண்டிவிடும்.

இரண்டாவது ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் அப்பா தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என் பிக்கப் வண்டியிலேயே அவரைச் சாய்த்து வைத்து மலையிறக்கினேன். மிளகும் ஆரஞ்சும் ஏற்றிக்கொண்டு நான் தினமும் இறங்குகிற பாதை அது. சேலம் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை. எந்த வளைவில் போனார் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் ஒவ்வொரு வளைவிலும் வண்டியைத் திருப்பும்போது அந்தக் கேள்வி வருகிறது.

சாயங்காலம் பிரச்சனை கிளம்பியது. தங்கைக்குச் சொல்வதா, வேண்டாமா?

சொல்லத்தான் வேண்டும் என்றேன் நான். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தால் அவள் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துவிடலாம். அதற்கு அவள் கடைசி ஆட்டத்தை விட்டுவிட்டு வர வேண்டும். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"வேண்டாஞ் சாமி. அது ஆடட்டும்."

"அப்பறம் அவ நம்ம மூஞ்சியில முழிப்பாளாம்மா?"

"முழிக்காட்டிப் போவுது."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்ற மகளுக்குச் சொல்லாமல் ஒரு மனுஷனை மண்ணுக்குள் வைப்பதா? நான் எழுந்து கத்தினேன். இழவு வீட்டில் கத்துகிறானே என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது பெரியப்பா, அப்பாவின் அண்ணன், என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஏம்ப்பா, நம்ம வழக்கம் உனக்குத் தெரியாதா? எழவு சேதிய ஆள் போயி வாசல்ல நின்னு சொல்லோணும். அப்பத்தான் தீட்டு. போன்ல சொல்றதெல்லாம் சொன்னதாவாது. நேர்ல ஒருத்தரு சொல்ற வரைக்கும் அந்தப் புள்ளைக்கி எதுவும் ஆவுல. அது பாட்டுக்கு ஆடலாம்."

அவர் சொன்னது உண்மைதான். அன்று மதியம்கூட வாழவந்திக்கும் செம்மநத்தத்துக்கும் ஆட்கள் பைக்கில் போய் உறவுக்காரர்களின் வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தார்கள். அங்கே எல்லோருக்கும் அதற்கு முன்பே போனில் தெரியும். தெரிந்திருந்தும், ஆள் வந்து சொல்லும் வரை ஒருவரும் கிளம்பவில்லை. வாய்விட்டு அழவும் இல்லை. கடல் தாண்டிப் போய்ச் சொல்ல எங்களிடம் யார் இருக்கிறார்கள்? பெரியப்பா வழக்கத்தை வளைக்கிறாரா, காப்பாற்றுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்காக வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் மதியம் அடக்கம் செய்தோம்.

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். மறுநாள்தான் ஆட்டம். என்ன பொய் சொல்வது என்று நான் காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தேன். அப்பா தூங்குகிறார், அப்பா தோட்டத்தில் இருக்கிறார், இப்படி. ஏனென்றால் அவள் போனில் கேட்கிற முதல் வார்த்தை "அப்பா எங்கே" என்பதுதான். அன்றைக்கு அவள் கேட்கவில்லை. மழை பெய்ததா என்றாள். அம்மா சாப்பிட்டாளா என்றாள். "செரிண்ணா, வெச்சர்றேன்" என்று வைத்துவிட்டாள். அப்பாடா, தப்பித்தோம் என்று அம்மாவிடம் சொல்லத் திரும்பினேன். அப்போதுதான் உறைத்தது. அவள் அப்பாவைக் கேட்கவே இல்லை.

நேராகப் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அங்கே கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மேலே பெரிதாக அப்பா. கீழே வரிசையாக நாங்கள். நடுவில் நீல ஜெர்சியில், கையுறை மாட்டிய கையோடு தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா மகன் அதைச் சேலத்தில் அச்சடித்துக்கொண்டு வந்திருந்தான். போதாக்குறைக்கு அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்திருந்தான்.

"அறிவிருக்காடா உனக்கு?" என்று அங்கேயே நின்றிருந்த அவன் சட்டையைப் பிடித்தேன்.

"எல்லா ஃபிளெக்ஸ்லயும் மக படம் போடறதுதானுங்கண்ணா. அது படம் இல்லாட்டி ஊரு என்ன பேசும்?" என்றான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இரண்டு நாளாக அவனும் தூங்கியிருக்கவில்லை. சட்டையை விட்டுவிட்டேன்.

மறுநாள் ஆட்டம். இழவு வீட்டில் டி.வி. போட மாட்டோம். அம்மா என் போனை எடுத்து என்னிடமே நீட்டினாள். "போடு" என்றாள். பெண்கள் நான்கைந்து பேர் முக்காட்டை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்தேன். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நாட்டுப் பெண்கள் முதலிலிருந்தே நெருக்கினார்கள். தங்கை ஒன்றைத் தட்டினாள், ஒன்றைக் காலால் தடுத்தாள், ஒன்று கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஆட்டம் முடியப்போகிற நேரம். மூலையிலிருந்து அடித்த பந்து கூட்டத்துக்கு நடுவே வந்து விழுந்தது. தங்கை பாய்ந்து அதை அணைத்துக்கொண்டு குப்புற விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. நடுவர் வந்து குனிந்து பார்த்தார். அம்மா என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். வலித்தது. பிறகு தங்கை எழுந்தாள். முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பந்தை உதைத்தாள். கோல் இல்லாமல் ஆட்டம் சமனில் முடிந்தது. பிரிவில் நாங்கள் முதலிடம். மற்ற பெண்கள் ஓடிவந்து அவள் மேல் விழுந்தார்கள். அவள் மட்டும் கைகளைத் தூக்கவில்லை.

ராத்திரி அவளே கூப்பிட்டாள்.

"ஃபிளெக்ஸப் பாத்தேண்ணா. இங்க யாருகிட்டயும் சொல்லல. சொன்னா வெளிய உக்கார வெச்சிருவாங்க."

நான் வாயைத் திறந்தேன். "வேண்டாண்ணா. போன்ல சொல்லாத. நீ நேர்ல வா" என்றாள்.

அவளுக்குப் பெரியப்பா பேசியது தெரியாது. ஆனாலும் அவளும் எங்கள் வீட்டுப் பெண்தானே.

அணி திரும்பிய அன்று பெங்களூர் விமான நிலையத்துக்குப் போனேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். உட்கார வை, கையைப் பிடித்துக்கொள், மெதுவாகச் சொல் என்று. அணிப் பெண்கள் சிரித்துக்கொண்டே வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தங்கை கடைசியாக வந்தாள். என் முன்னால் வந்து பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். உட்கார வைக்க வேண்டும் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது.

"சொல்லுண்ணா."

"அப்பா போயிட்டாரு கண்ணு."

தெரியாதவள் கேட்பது போலக் கேட்டுக்கொண்டாள். எப்போது என்றாள். சொன்னேன். எங்கே என்றாள். வண்டியில் என்று சொன்னேன், வளைவுகளையும் சொன்னேன். அம்மாவைப் பற்றிக் கேட்டாள்.

"ரெண்டாவது மேட்ச்சப் பாத்தாராண்ணா?"

"பாத்தாரு. சிக்னல் கெடைக்கற எடத்துல வண்டிய நிறுத்தி ரெண்டு பேரும் பாத்தோம்."

"என்ன சொன்னாரு?"

"திட்டுனாரு. அந்த ஒரு கோலு விடற கோலா அது, இந்தப் புள்ள எங்க பராக்குப் பாத்துட்டு நிக்குதுன்னு ஊடு வந்து சேர்ற வரைக்கும் நொம்பத் திட்டுனாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அழுதாள்.