தனேஸ்வரி டீச்சர் அழித்த ஆறு புள்ளி

என் மனைவி தனேஸ்வரியை அரை மணி நேரம் ஓர் இடத்தில் உட்கார வைப்பவருக்கு என் லோரியையே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். டீயை ஆற்றுவாள், குடிக்க மாட்டாள். துணி மடித்துக்கொண்டே எழுந்துபோய் கேட்டைப் பூட்டியாயிற்றா என்று பார்ப்பாள். "காலுல சக்கரம் கட்டியிருக்கியாம்மா?" என்று கத்துவேன். "நீங்க லோரியில உக்காந்தே காலத்த ஓட்டுறீங்க, நான் நடந்துட்டுப் போறேன்" என்பாள். வாயாடி. நானும் லேசுப்பட்டவன் இல்லை, அதனால்தான் குடும்பம் ஓடுகிறது.

நான் சிவானந்தம். எஸ்டேட்டுகளில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலையை ஏற்றி ஆலையில் கொட்டுகிறவன். அவள் கோலசிலாங்கூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவத்துக்கு, அதாவது பதினாலு வயசுப் பிள்ளைகளுக்கு, கணக்கு வாத்தியார். பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற ஒரு லயத்தில் பிறந்து, அடித்துப் பிடித்துப் படித்து, முதல் வேலைக்குக் கடல் தாண்டிச் சபாவுக்குப் போய், மாற்றல் கேட்டுக் கேட்டு அங்கிருந்தவர்களை ஓயவைத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். வகுப்பிலும் நாற்காலி அவளுக்குச் சும்மாதான். பலகைக்கும் கடைசி வரிசைக்கும் நடந்தபடியேதான் பாடம் நடத்துவாள்.

இந்த வருஷம் சராசரியும் வீச்சும் நடத்த வேண்டி வந்தது. வீச்சை மலாயில் ஜுலாட் என்பார்கள். இருப்பதிலேயே பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தால் வருவது, அவ்வளவுதான். பாடநூலில் யாரோ பறித்த மாம்பழத்துக்குக் கணக்கு இருந்தது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அவளுக்குப் பொறுக்குமா? மாம்பழத்தை அழித்துவிட்டு, அவர்களுக்கு அப்போதுதான் திருத்திக் கொடுத்த மாதச் சோதனையின் புள்ளிகளைக் கலைத்துப் போட்டுப் பலகையில் எழுதினாள். பெயர் கிடையாது, எண்கள் மட்டும். முப்பது பேர். சராசரி நாற்பத்தெட்டு. பெரியது தொண்ணூற்றிரண்டு, சின்னது ஆறு, வீச்சு எண்பத்தாறு.

வகுப்பு உற்சாகமாகிவிட்டது. இவளுக்கும் சூடு பிடித்துவிட்டது. "இந்த ஆறு மட்டும் இல்லேன்னா என்னா ஆவும், பாருங்க" என்று சொல்லி விரலாலேயே அதை அழித்தாள். போட்டுப் பார்த்தார்கள். சராசரி நாற்பத்தொன்பதைத் தாண்டியது. அடுத்த சின்ன எண் முப்பத்தொன்று என்பதால் வீச்சு எண்பத்தாறிலிருந்து சடாரென்று அறுபத்தொன்றுக்கு இறங்கியது. ஒரே ஓர் எண் எவ்வளவு ஆட்டம் காட்டுகிறது என்று பிள்ளைகளுக்குப் பளிச்சென்று புரிந்தது. கை தட்டினார்களாம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் நடித்தே காட்டினாள், நானும் "பலே" என்றேன். நான் ஒரு மடையன்.

அதற்கடுத்த நாளிலிருந்து உஷாராணி பள்ளிக்கு வரவில்லை.

புக்கிட் ரோத்தானைத் தாண்டி உள்ளே போகிற எஸ்டேட்டில் இருக்கிற பெண். பேச மாட்டாள், வம்புக்குப் போக மாட்டாள். அவள் நாற்காலி காலியாகி ஒரு வாரம் ஆனதும் என் வீட்டுக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் அடித்தாள், எடுப்பார் இல்லை. வகுப்பில் கேட்டாள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் போனது. இப்படியே போனால் பெயரை எடுத்துவிடுவார்கள், பெயரை எடுத்துவிட்டால் அந்தப் பெண் நேராகப் பேரங்காடியில் பெட்டி அடுக்கப் போய்விடும், பிறகு யாரும் திருப்ப முடியாது என்று புலம்பிக்கொண்டே கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். எனக்குத் தலை சுற்றியது.

"வா, போய்ப் பாத்துட்டு வந்துருவோம்லா. நீ நடக்குற நடைக்கு அந்த எஸ்டேட்டுக்கே போயிருக்கலாம்" என்று ஞாயிற்றுக்கிழமை காடியை எடுத்தேன்.

அம்மா வேலம்மா எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவர். எங்களைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார். "வயித்து வலின்னு சொல்லுது டீச்சர். கிளினிக்குக்குப் போனா ஒண்ணுமில்லேங்குறாங்க. என்னான்னு தெரியல." உஷாராணி உள்ளறைத் திரைக்குப் பின்னாலேயே நின்றாள். கால் மட்டும் தெரிந்தது.

"உஷா, எல்லாரும் உன்னக் கேக்குறாங்கம்மா. வந்துரு" என்றாள் இவள்.

திரை அசையவில்லை. எனக்குத்தான் அவசரம், "ஏம்மா, டீச்சரே வீடு தேடி வந்திருக்காங்க, ஒரு வார்த்த பேசக்கூடாதா?" என்று கொஞ்சம் உரக்கக் கேட்டுவிட்டேன்.

"நான் வரலன்னா கிளாஸுக்கு நல்லதுதானே டீச்சர்?" என்றது குரல். "நீங்கதானே அழிச்சுக் காட்டுனீங்க. எல்லாரும் கை தட்டுனாங்க."

தனேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். பலகையில் பெயர் எழுதவில்லையே, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவி. தாள் கொடுத்த அன்றே பின்னால் உட்கார்ந்திருக்கிற சைஃபுதீன் அந்த ஆறைப் பார்த்திருக்கிறான். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் மகன், நாக்கு நீளம். பாடம் முடிந்து மணி அடித்ததும் அவளுக்கு 'ஜுலாட்' என்று பெயர் வைத்துவிட்டான். மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, நம் பிள்ளை, எல்லாருக்கும் சுலபமாக வாயில் நுழைகிற பெயர்.

"போன சோதனையில எனக்கு சைபர் டீச்சர்" என்று உஷாராணி தொடர்ந்தாள். அழவில்லை, அதுதான் கேட்கவே முடியவில்லை. "இந்தத் தடவ ஆறு. அம்மாகிட்ட காட்டுனேன். அம்மா சந்தோஷப்பட்டு கோழி ஆக்கிப் போட்டாங்க."

வேலம்மா என்னைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார். கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"தப்பு என்னுதும்மா" என்றாள் தனேஸ்வரி. "போன சோதனைத் தாள நான் எடுத்துப் பாத்திருக்கணும். பாக்கல. என்ன மன்னிச்சிரு." சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

காடியில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சராசரிய மட்டும் பாத்தா தெரியாது, வீச்சப் பாத்தாதான் யாரோ பின்னால தவிக்குறாங்கன்னு தெரியும்னு நீதானே எனக்குப் பாடம் எடுத்த? தவிக்குற புள்ளயத் தெரிஞ்சுக்கிட்டு துடைச்சு வேற காட்டியிருக்கியே!" என்று கத்தினேன். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவள், "கத்துங்க, நல்லா கத்துங்க" என்று சொல்லிவிட்டு வழி நெடுக அழுதாள். எனக்கும் என்னவோ போலாகிவிட்டது. வீடு வந்ததும் நானே டீ போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் போய் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தான் பாடத்தைக் காட்டுவதற்காக ஒரு பிள்ளையின் உழைப்பைத் துடைத்துவிட்டதாகவும், சைபரிலிருந்து ஆறுக்கு ஏறியவளைப் பார்த்துத் தானும் சேர்ந்து கை தட்டியிருக்க வேண்டும் என்றும் சொன்னாள். சைஃபுதீன் மேசையைப் பார்த்தபடியே இருந்தானாம். அன்றைக்கும் உஷாராணி வரவில்லை. மறுநாளும் இல்லை. இவள் சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். போனை எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள். சைஃபுதீனும் அவனோடு இன்னும் இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டு உஷாராணிக்குக் குரல்பதிவு அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டும் இவளுக்கு நிம்மதி வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, வேலம்மா வேலைக்குப் போகாமல் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார். "ஒப்படைச்சிட்டுப் போறேன் டீச்சர். திருப்பி அழிச்சிராதீங்க" என்றார். இவள் தலையை ஆட்டினாளாம். வகுப்புக்குள் போனதும் திங்கட்கிழமை சொன்னதையெல்லாம் உஷாராணியின் முன்னால் இன்னொரு முறை சொன்னாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். மதியம் வகுப்பு முடிந்து அவளை மட்டும் வைத்துக் கூடுதலாகச் சொல்லிக் கொடுத்தாள். மலாயில் கேள்வி நீண்டால் உஷாராணிக்குப் புரியவில்லை, எண்களை மட்டும் கொடுத்தால் போட்டுவிடுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுக்காகக் கேள்விகளை உடைத்து எழுதினாள். அடுத்த சோதனை வந்தது. உஷாராணிக்கு நான்கு. ஆறிலிருந்து நான்கு! எனக்கே மனசு விட்டுப்போயிற்று. அந்தப் பெண்ணோ தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நாளைக்கும் மதியம் இருக்கணுமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

அந்தப் பள்ளியில் சோதனை முடிந்தால் ஆசிரியர் கூட்டத்தில் ஒவ்வொரு வகுப்பின் சராசரியையும் திரையில் போடுவார்கள். எண் இறங்கியிருந்தால் அந்தப் பாட ஆசிரியர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். போன கூட்டம் நடந்தபோது உஷாராணி பள்ளிக்கு வராததால் அவளுடைய ஆறைச் சேர்க்காமலே சராசரி போட்டிருந்தார்கள். இந்தத் தடவை இவளுடைய வகுப்பு ஒன்றரைப் புள்ளி இறங்கியிருந்தது. எதனால் இந்த இறக்கம் என்று தலைமையாசிரியை கேட்டார். ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள்.

தனேஸ்வரி எழுந்து நின்று, "உஷாராணி திரும்பி வந்துட்டா, அதனாலதான்" என்றாள்.