அவள் சொல்லி முடித்த முதல் வாக்கியம்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடு என்று யாரும் சொல்லவில்லை. தாய்மார் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை விழாமல், அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் நான் வாய் ஓயாதவள். மூன்று வயதுப் பிள்ளையிடமும் ஊர்க்கதை கேட்பேன். அப்படிக் கேட்டுத்தான் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் வாயில் வருவது ஏவல்தான். "அம்மாவப் பத்தி ஒண்ணு சொல்லு" என்றால், "அம்மா, வெரசா வா" என்பார்கள். நாயைப் பற்றிக் கேட்டால், "ஏய், அங்கிட்டுப் போ." விடியற்காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணி போடும் சத்தத்தைத் தாயின் தோளில் கிடந்து கேட்டு வளர்கிற பிள்ளைகள் வேறு எப்படிப் பேசும்?

கொழுந்து பறிக்கும்போது பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்கு ஒன்று கிழிந்து கிடந்தது. அதை மூன்று துண்டாக வெட்டித் தரையில் வரிசையாகப் போட்டேன். முதல் துண்டில் நின்று யார் என்று சொல்ல வேண்டும். இரண்டாவதில் எங்கே, அல்லது எதை. மூன்றாவதில் என்ன செய்கிறார் என்பது. அதற்கு நிரை என்று பெயர் வைத்தேன். மலையில் ஒருத்திக்கு ஒரு நிரை தேயிலைச் செடி கொடுத்தால் அதை முடிக்காமல் அவள் வெளியே வர முடியாது; அது பிள்ளைகளுக்கும் தெரியும். "மழ... ரோட்டுல..." என்று ஒருவன் நடுவில் நின்றால், மற்றவர்கள் "நெர முடியல, நெர முடியல" என்று விடமாட்டார்கள். "பெய்யுது" என்று மூன்றாவதில் குதித்தால்தான் அவனுக்கு விடுதலை.

ஒரு சிறுமி மட்டும் முதல் துண்டைத் தாண்டியதே இல்லை. நாலரை வயது. "தண்ணி", "அம்மா", "மழ" என்று ஒற்றைச் சொல்லோடு நின்று, விரலை வாயில் வைத்துக்கொள்வாள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம். அவளுடைய அம்மா தினமும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பாள்: "இன்னைக்காச்சும் ஏதும் பேசுனாளா டீச்சர்? கேக்குறதெல்லாம் வெளங்குது. வெளிய வரத்தான் மாட்டேங்குது." நானும் "வாயுள்ள பிள்ளை பிழைக்கும், இவளுக்கு உள்ளுக்குள்ள வாய் இருக்கு" என்று எதையாவது சொல்லி அனுப்புவேன்.

ஒரு தாய் இந்த நிரை விளையாட்டைப் போனில் படம் பிடித்தாள். அது கை மாறிப்போய், அட்டன் டவுனில் பாலர் பாடசாலை நடத்தும் ஓர் அம்மா என்னை அழைத்தார். சான்றிதழ் உண்டா என்றார். "இல்லைங்க, பிள்ளைங்ககிட்டதான் படிச்சேன்" என்றேன். சிரித்துவிட்டு, வேலை விஷயமாக வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொன்னார்.

அதை மாமியிடம் எப்படிச் சொல்வது? என் கணவர் கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். அவருடைய அம்மாதான் மாமி, பென்ஷன் வயதைத் தாண்டியவர். எங்கள் லயத்துக் காம்பரா, தோட்டம் கொடுத்த ஒற்றை அறை வீடு, என் பெயரில்தான் நிற்கிறது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவைக் கேட்டுவிடுவார்கள். நான் எதையாவது ஆசையாகப் பேசினாலே மாமி சொல்வார்: "மட்டக்குச்சிக்கு மேல தலையத் தூக்காத புள்ள." கொழுந்தை மட்டம் பார்க்கிற குச்சி அது. அதற்கு மேல் எழும்பினதை விட்டுவைக்க மாட்டார்கள்.

மதியம் பிள்ளைகள் தூங்கும்போது ஜன்னலோரம் நின்று நான் ஒத்திகை பார்த்தேன். "மாமி, நான் அட்டனுக்கு வேலைக்குப் போறேன்." வேகமாகச் சொன்னால் திமிராகக் கேட்டது. மெதுவாகச் சொன்னால் அழுகை வந்தது. மூன்று நாள் இப்படிச் சொல்லிப் பார்த்தேன். விரலை வாயில் வைத்துக்கொண்டு ஒருத்தி தூங்காமல் கிடந்ததை நான் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை. தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற நேரம். மாமி வழக்கம்போலப் பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி காய்ச்ச வந்திருந்தார். யாரும் கூப்பிடாமலேயே அந்தச் சிறுமி முதல் துண்டில் ஏறினாள்.

"டீச்சர்."

இரண்டாவதில் கால் வைத்தாள். அவளுடைய அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அட்டனுக்கு."

மூன்றாவதில் இரண்டு காலாலும் குதித்தாள்.

"போறாங்க."

பிள்ளைகள் "முடிஞ்சிருச்சு" என்று கூச்சலிட்டார்கள். அவளுடைய அம்மா தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வது? கை தட்டினேன். பலமாகவே தட்டினேன். அடுப்படியில் அகப்பைச் சத்தம் நின்றிருந்தது.

தாய்மார் போன பிறகு மாமி கேட்டார்.

"எப்ப?"

"வெள்ளிக்கெழம வரச் சொல்லிருக்காங்க மாமி. இன்னும் ஒண்ணும் முடிவில்ல."

"ஊருக்கே பேச்சுப் படிச்சுக் குடுக்குற. எனக்கு ஒரு பேச்சு சொல்ல வாய் வரலையா?"

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அதற்கு எனக்கு வாய் உண்டு. அவர் கஞ்சியைக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "போ. நான் தொரைகிட்ட கேட்டு என் பேர திரும்பப் போட்டுக்குறேன். காம்பரா நிக்கணும்ல. கை நடுங்குதுதான், கூடைய மாட்டிட்டா தெரியாது."

அந்த வயதில் பெயர் போடமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் கேட்கத்தான் போவார், ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கத்தான் செய்வார். கஞ்சி கோப்பைக்கு வெளியே சிந்திக்கொண்டிருந்தது. நான் அகப்பையை வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அட்டனுக்குப் போன் போட்டேன். "வீட்ல வசதிப்படலைங்க" என்றேன். "அப்படியா, சரி, வேற ஆளப் பாக்குறோம்" என்று அந்த அம்மா வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டிருந்தால் நான் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

அன்று முழுக்க நான் அந்தச் சிறுமியை நிரைக்குக் கூப்பிடவில்லை. அவள் தானாகவே ஏறி, "பூன பால் குடிக்குது", "அண்ணன் என்னைய அடிக்குது" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நாலரை வயதுப் பிள்ளையோடு எனக்குக் கோபம். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சாயங்காலம் அவளுடைய அம்மா நனைந்துகொண்டு வந்தாள். "இன்னைக்கு என்ன டீச்சர் பேசுனா?"

"ஒண்ணும் பேசல."

அவள் முகம் அப்படியே விழுந்துபோனது. பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லக்கா, பொய் சொல்லிட்டேன். நெறையப் பேசுனா. நான்தான் காது குடுக்கல."

அவள் ஈரக்கையை உதறிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பரவால்ல டீச்சர். நாளைக்குக் கேளுங்க. நீங்க எங்கயும் போகலதானே?"

"போகலக்கா," என்றேன்.