ஆறு மிசினுக்கு முந்நூறு துண்டு

பல்லடத்து லட்சுமிநாராயணனுக்கு இரண்டு தொழில். வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு விசைத்தறி. அதை மனைவி ராமாமணி பார்த்துக்கொண்டார். ரோட்டோரம் ஆறு கணினிகளோடு ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். படிக்க வருகிறவர்கள் மாலையில் இரண்டு மணி நேரம் தட்டிவிட்டுப் போனால், மிச்சம் இருபத்திரண்டு மணி நேரமும் பார்ப்பதைத் தவிர அங்கே வேறு வேலை கிடையாது.

தறிக்காரருக்கு ஓடாத மிசினைவிடப் பெரிய மானக்கேடு ஏது? அதனால்தான் நூல் சுற்றிய பாவு உருளைகளைக் குடோனில் நெசவுக்குக் கொடுக்கும் நாளில் அவர் முதல் ஆளாகப் போய் நிற்பார். பன்னிரண்டு தறிக்கு முப்பது பாவு தூக்கி வந்து வாசலை அடைத்து அடுக்குவார். நெய்து முடிப்பதெல்லாம் அப்புறம். அடுத்தவனுக்குக் கிடைக்கவில்லை என்றாலே பாதி நெய்த மாதிரிதான்.

1999 ஆடி மாதம், ஒரு கணினிப் பத்திரிகையில் அவருக்கு விமோசனம் வந்தது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் வானத்து இரைச்சலைப் பதிவு செய்து, துண்டு துண்டாக வெட்டி, உலகத்தில் சும்மா கிடக்கும் கணினிகளுக்கெல்லாம் இணையம் வழியே அனுப்புகிறதாம். அந்த இரைச்சலுக்குள் ஒழுங்கான துடிப்பு ஏதும் உண்டா என்று கணினி தேடிச் சொல்ல வேண்டும். கூலி கிடையாது. ஆனால் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி, நாட்டுக்குப் பத்துப் பேராக, அதிகம் முடித்தவர்களின் பெயரை இணையதளத்தின் முகப்பில் போடுவார்கள்.

கார்த்திகை பிறப்பதற்குள் லட்சுமிநாராயணன் இந்தியாவில் பத்தாவது ஆள் ஆகியிருந்தார். பதினொன்றாவது ஆள், ராமாமணியின் தம்பி திருமலைசாமி. உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டியோடு எட்டுக் கணினி வைத்திருப்பவர். உலகமே போட்டி போடும் பட்டியலில் மச்சினன் காலடியில் வந்து நின்றால் எந்த மனுஷனுக்குத் தூக்கம் வரும்? பெயிண்டரைக் கூப்பிட்டு, 'இந்தியாவின் முதல் பத்தில் ஒன்று, பல்லடம்' என்று போர்டு எழுதி வைத்தார். மாட்டுவதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து, 'தற்போது வேலை இல்லை, பிறகு முயலவும்' என்று துண்டுகளை அனுப்பும் அமெரிக்க சர்வர் அடிக்கடி சொல்ல ஆரம்பித்தது. லட்சுமிநாராயணன் முகம் மலர்ந்தது. இது அவருக்குப் பழக்கமான பாஷை. குடோன்காரர் வாயிலிருந்து முப்பது வருஷமாகக் கேட்டது. ஒரு கணினிக்கு நாளொன்றுக்குப் பத்துத் துண்டுதான், பதினைந்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம். ஒவ்வொரு கணினியையும் ஐந்து பெயரில் பதிந்தார். தறி ஒன்று முதல் தறி முப்பது வரை. டிசம்பர் பத்தாம் தேதி ஒரே மூச்சில் முந்நூறு துண்டு இறங்கியது.

"ஏனுங்க, ஆறு மிசினுக்கு எதுக்குங்க முந்நூறு?" என்றார் ராமாமணி.

"உனக்குத் தெரியாது அம்மணி. நாம எடுக்காட்டி உன்ற தம்பி எடுத்துப்போடுவான்."

"எடுத்தா முடிக்கோணுமல்லங்க?"

"அது கெடக்குது."

அது கிடந்தது. தனியாக ஓடினால் ஒரு துண்டு இருபது மணி நேரத்தில் முடியும். ஒரே கணினியில் ஐந்து துண்டு சேர்ந்து ஓடினால் ஒவ்வொன்றுக்கும் நூறு மணி. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல்லடத்தில் சேர்ந்தாற்போல் நூறு மணி நேரம் கரண்ட் இருந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. பதினைந்து நாளில் முடிந்த துண்டுகள்: பூஜ்யம்.

இருபத்தைந்தாம் தேதி சர்வர் முந்நூறையும் பறித்துக்கொண்டது. முப்பது தறியும் ஒரே வீடு என்பதையும் கண்டுபிடித்து, இனி வீட்டுக்கே நாளொன்றுக்கு ஒரே துண்டு என்றது.

குடோன்காரர் முறைத்தால் தறிக்காரர்கள் என்ன செய்வார்களோ அதையே அவர் செய்தார். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஐயாவுக்குப் பொங்கலுக்கு நல்ல எட்டு முழ வேட்டி ஒன்று அனுப்புவதாக மின்னஞ்சல் எழுதினார். மறுநாள் பதில் வந்தது: 'வரம்பை வைப்பது ஆள் இல்லை, கணினி நிரல். தொடர்ந்து ஏழு துண்டு ஒழுங்காக வந்தால், நாளொன்றுக்கு இரண்டு தரும். அது வேட்டி கட்டாது.'

ஏழு துண்டுக்கு ஏழு நாள். முப்பத்தொன்றாம் தேதிக்கு ஐந்தே நாள்.

முப்பதாம் தேதி காலையில் திருமலைசாமி ஃபோனில் வந்தார். "மாமா, நல்லா இருக்கீங்களா? பட்டியலப் பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். எப்படிடா திடீர்னு பத்தாவதா வந்தே?"

"நானெங்கீங்க வந்தேன், நீங்கதான் தூக்கி உட்டீங்க. ரெண்டு வாரமா எனக்கு வேலையே வரலீங்க. இருபத்தஞ்சாந் தேதி பாத்தா கொட்டோ கொட்டுனு கொட்டுது. ஒவ்வொண்ணுலயும் முன்னாடி யாருகிட்ட போய்ட்டு வந்துதுன்னு போட்டிருக்குதுங்க. தறி ஏழு, பல்லடம். தறி இருபது, பல்லடம். பேட்டரி வாங்கி வெச்சிருந்தனா, எட்டு மிசினும் நிக்காம ஓடிப்போட்டுது."

லட்சுமிநாராயணன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"வெசனப்படாதீங்க மாமா. அந்த போர்டு சும்மாதானுங்களே கெடக்குது? குடுத்துடுங்க. பல்லடத்த அழிச்சுப்போட்டு உடுமலைன்னு எழுதிக்கறனுங்க."

ஃபோனை வைத்துவிட்டு அவர் சென்டருக்குள் போனார். ஒரு கணினி அன்றைய ஒற்றைத் துண்டை மெல்ல மென்றுகொண்டிருந்தது. மற்ற ஐந்தும் கறுத்த முகத்தோடு நின்றன. ரோட்டில் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பார்களே. ஐந்தையும் ஒவ்வொன்றாகப் போட்டு, திரையில் மீன் நீந்தும் படத்தை ஓடவிட்டார். பிறகு போர்டை எடுத்துப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு, உடுமலை பஸ்ஸுக்குக் கிளம்பினார்.