எல்லாக் கையும் தெரிந்த பிறகு

செவிடன் காதில் சங்கு ஊதியது போல என்று யாராவது என் எதிரில் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை முதலில் சொன்ன மகானுபாவன் ஒரு நாளாவது விசைத்தறி ஷெட்டுக்குள் வந்து நின்றிருக்க மாட்டான். அங்கே சங்கு ஊதினால் என்ன, வேட்டு வெடித்தால் என்ன, ஒருவர் காதிலும் விழாது. என் தம்பி நாகேந்திரனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அந்தச் சத்தத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். திருத்தணியில் எங்கள் சாதிசனம் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். தம்பிக்கு இரண்டுமே சரியாக வருவதற்குள் ஐந்து வயதில் ஒரு விஷக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, காதையும் எடுத்துக்கொண்டு போனது. அதற்கு முன் கற்ற நாலைந்து சொற்கள் மட்டும் வாயில் மிச்சம் நின்றன. அப்பாவை 'நைனா' என்பான். பிற்காலத்தில் என் வீட்டுக்காரரை 'பாவா' என்பான். மற்றதெல்லாம் கையால்தான். எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு கைப்பாஷை தானாக வளர்ந்துவிட்டது. நாங்கள் சண்டை போட்டால் பார்க்கிறவர்களுக்கு நாட்டியம் போலிருக்கும்.

நைனாவிடம் குழிக்குள் காலை விட்டு நெய்கிற குழித்தறி ஒன்று இருந்தது. தம்பி அதில் உட்கார்ந்து பத்தாவது வயதிலேயே நெய்தான். ஆனால் ஒரு தறியில் ஒருவர்தான் உட்கார முடியும். இருபது வயது ஆனதும் அவனுக்கென்று ஒரு வேலை வேண்டியிருந்தது. அறுபதுகளின் பின்பாதி அது. ஊரைச் சுற்றிப் புதுசு புதுசாக விசைத்தறி ஷெட்டுகள் வந்துகொண்டிருந்தன. நான் அவனைக் கூட்டிக்கொண்டு ஏறாத வாசல் இல்லை. கே.ஜி.கண்டிகையில் ஒருவர் எங்களைப் பார்த்துக் கண் கலங்கி, இலை போட்டுச் சோறு போட்டார். தறி தரவில்லை. ஆர்.கே.பேட்டையில் ஒருவர் அவனுடைய கையைக் கூடப் பார்க்காமல், மலைக்குப் போய் வேண்டிக்கொள்ளச் சொன்னார்.

மலைக்கும் போனோம். ஆடிக் கிருத்திகை அன்று காவடிக் கூட்டத்துக்குள் ஏறி, பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்து நாங்கள் கையால் பேசிக்கொண்டிருந்தோம். வெளியூர் அம்மாள் ஒருத்தி, "பாவம், ஊமை" என்று சொல்லி அவன் உள்ளங்கையில் ஒரு காசை வைத்துவிட்டுப் போனாள். நல்ல மனசோடுதான் வைத்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மேலே போய் உண்டியலில் போட்டுவிட்டு வந்தான். அன்று இரவு சாப்பிடவில்லை. 'வேலை இல்லையென்றால் எல்லோரும் இப்படித்தான் வைப்பார்கள்' என்று கையால் சொன்னான். எப்படியாவது இவனை ஒரு தறியில் நிறுத்திவிடுவது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

நான் அப்போது அரக்கோணம் ரோட்டில் சடகோபன் முதலாளியின் ஷெட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். தார் என்பது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் நூல். அந்த ஷெட்டில் ஆள் எடுக்க ஒரு பழக்கம் உண்டு. வேலை கேட்டு வந்தவனைத் தெருப்பக்கம் பார்த்து நிற்க வைப்பார் முதலாளி. தான் பின்னால் தள்ளி நின்று, உரக்கக் கூட இல்லை, சாதாரணமாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஒரே கூப்பாட்டில் திரும்பினால் வேலை. இல்லாவிட்டால் போய் வா. அவருடைய தாத்தா வைத்த பழக்கம் அது. அந்தக் காலத்தில் வீட்டுக்குள் குழித்தறிகள் இருந்தன. தாத்தா முன்கூடத்தில் உட்கார்ந்து எத்தனை முழம் ஆயிற்று என்று கேட்பார், உள்ளேயிருந்து நெசவாளி 'ஆங்' என்று பதில் கொடுக்க வேண்டும். அதற்குக் காது வேண்டியதுதான். தறிகள் போய் விசைத்தறி வந்தது, வீடு போய் ஷெட்டு வந்தது, பழக்கம் மட்டும் போகவில்லை. தாத்தா கூப்பிட்டு எடுத்த ஆள் யாரும் சோடை போனதில்லை என்று முதலாளிக்கு நம்பிக்கை.

தம்பியை நிற்க வைத்தார். கூப்பிட்டார். அவன் தெருவில் போன மாட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கூப்ட்டா திரும்பாதவன தறியில நிக்க வெச்சிகினு நான் என்னா பண்றது அம்சா?" என்றார் முதலாளி. கெட்ட மனுஷர் இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

எனக்கு அந்த வருத்தத்தைப் பார்த்துத்தான் கோபம் வந்தது. எல்லா வாசலிலும் அதே முகம். "மொதலாளி, நீங்க ஷெட்டு வாசப்படியில நின்னுகினு உள்ள இருக்கறவங்கள பேர் சொல்லிக் கூப்டுங்க. திரும்பறவங்க இருக்கட்டும், மீதிப் பேர வூட்டுக்கு அனுப்பிடுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வேலையும் போகப்போகிறது என்று தோன்றியது. முதலாளி நேராக வாசற்படிக்குப் போனார். உள்ளே தறிகள் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன. மேஸ்திரி பச்சையப்பனைக் கூப்பிட்டார். பச்சையப்பன் பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதலாளி இன்னொரு தரம் உரக்கக் கூப்பிட்டார். இருமல்தான் வந்தது. கடைசியில் உள்ளே நடந்து போய் அவர் தோளைத் தொட்டார். பச்சையப்பன் திரும்பி, என்ன என்று கையால் கேட்டார்.

முதலாளி சிரிக்கவில்லை. திரும்பி வந்து, "மூலைத் தறியில ஒரு மாசம் பாக்கலாம்" என்றார்.

பச்சையப்பனுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. புதுசாக வருகிறவர்களின் காதோடு வாயை வைத்துக் கத்திக் கத்தித்தான் அவர் தொழில் சொல்லிக் கொடுப்பார். வேலை படிகிறதோ இல்லையோ, வெற்றிலைச் சாறு காதில் படியும். தம்பியிடம் அது நடக்காதே. வேறு வழியில்லாமல் செய்து காட்டினார். ஒரு தரம் காட்டியதை அவன் அப்படியே திருப்பிச் செய்தான். கைத்தறியில் பழகிய கை, நூல் அறுந்தால் கண் சிமிட்டுவதற்குள் முடிச்சு விழும். அந்த மாசம் முடிவதற்குள் ஷெட்டில் பாதிப் பேருக்கு எங்கள் வீட்டுக் கைப்பாஷை பழகிவிட்டது. சத்தத்தில் அவர்களுக்கும் அதுதானே சௌகரியம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது. எங்கள் ஷெட்டில் ஒரே மோட்டார். மேலே ஓடும் நீள இரும்புத் தண்டிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் பெல்ட் இறங்கும். கரண்ட் போனால் எல்லாத் தறியும் அப்படியே நிற்கும். அப்போது அவரவர் தறியின் கைப்பிடியைத் தள்ளி வைக்க வேண்டும். தள்ளாமல் விட்டால் மோட்டார் ஓடியதும் தறி தானாகப் பாயும். அவசரத்தில் பாதிப் பேர் தள்ள மாட்டார்கள். கரண்ட் வந்ததும் மேஸ்திரி "போடறேன்" என்று கத்துவார், எல்லோரும் கையை எடுத்துக்கொள்வார்கள், அவர் சுவிட்சைப் போடுவார். நாள் முழுக்க ஷெட்டில் காதுக்கு வேலை இருப்பது அந்த ஒரு நொடிதான்.

அன்று பச்சையப்பன் வழக்கம்போலக் கத்தினார். தம்பி தறிக்குள் குனிந்து அறுந்த நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தான். நான் தார்க் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் சுவிட்ச் விழுந்துவிட்டது. நூலை அடித்துச் சேர்க்கிற பலகை அவன் கைமேல் வந்து மோதியது. கடவுள் புண்ணியத்தில் இடது சுண்டு விரல் நகம் மட்டும்தான் போயிற்று. ரத்தத்தைப் பார்த்த முதலாளி ஓடி வந்தார். விரலுக்குக் கட்டுப் போட்டு, எங்களை வாசலில் உட்கார வைத்து, "இதுக்குத்தான் அம்சா நான் பயந்தேன். இட்டுகினு போயிடும்மா" என்றார்.

வழியெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன். தம்பி அழவில்லை. யோசித்துக்கொண்டே நடந்தான்.

மறுநாள் காலை நான் ஷெட்டுக்குப் போனால் எனக்கு முன்னால் அவன் அங்கே நிற்கிறான். கட்டுப் போட்ட கையோடு நேராக மோட்டார் பக்கம் போனான். பச்சையப்பனின் கண்ணைச் சுட்டிக் காட்டினான். பிறகு தன் தறிக்குப் போய், நல்ல கையைத் தலைக்கு மேலே தூக்கி நின்றான். மறுபடி வந்து, சுவிட்சைப் போடுவது போலச் செய்து காட்டினான். கையைத் தூக்கினால் போடு, தூக்காவிட்டால் போடாதே. அவ்வளவுதான். கை மேலே இருந்தால் தறிக்குள் எப்படி இருக்கும்?

முதலாளி பச்சையப்பனைப் பார்த்தார். எதிர்த்துக்கொண்டிருந்த மனுஷர் என்ன சொல்வாரோ என்று நானும் அவரையே பார்த்தேன்.

"ராவெல்லாம் தூக்கம் வரல மொதலாளி" என்றார் பச்சையப்பன். "நான் கத்தனேன், ஆனா பாக்கல. அவனுக்குக் காதில்லன்னா எனக்குக் கண்ணு எங்க போச்சி? அவன் இருக்கட்டும். இனிமே பாத்துட்டே போடறேன்."

அன்றிலிருந்து எங்கள் ஷெட்டில் கரண்ட் வந்து பல்பு எரிந்தால் எல்லோரும் கையைத் தூக்குவோம். காது கேட்கிறவர்களும்தான். முதலில் பலருக்குச் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போக வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று கிண்டல். ஒரு மழைநாளில் அந்தக் கிண்டல் நின்றது. கரண்ட் போயிருந்த நேரம் முதலாளியின் மூக்குக் கண்ணாடி ஒரு தறிக்குள் விழுந்துவிட்டது. குனிந்து தலையை உள்ளே விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். பல்பு எரிந்தது. அந்தத் தறிக்காரர் கையைத் தூக்கவில்லை. பச்சையப்பன் சுவிட்சில் கையை வைத்தபடி காத்திருந்தார். முதலாளி கண்ணாடியோடு நிமிர்ந்தபோது ஷெட்டே கையைத் தூக்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எதற்கு என்று கேட்க வாயெடுத்தவர், எரிகிற பல்பைப் பார்த்தார். தன் தலை இருந்த இடத்தைப் பார்த்தார். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வாசலில் யாரையும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. வேலை கேட்டு வருகிறவர்களை எந்த வேலைக்கோ அந்த வேலையில் ஒரு வாரம் விட்டுப் பார்ப்பார். ஒரு கால் சூம்பிய ஜெயம்மாள் தயங்கித் தயங்கி வாசலில் வந்து நின்றபோது, தார் சுற்றுவதற்குக் கால் எதற்கு என்று அவரே கேட்டார். அவள் தரையில் உட்கார்ந்து எழச் சிரமப்படுகிறாள் என்று உயரமாக ஒரு முக்காலி செய்து போட்டார். அந்த முக்காலியில் முட்டிவலிக்காரி நானும் இடம் கேட்டுச் சண்டை போட்டேன், எனக்கும் ஒன்று வந்தது. இதெல்லாம் அவருடைய தாத்தாவே சொல்லிவிட்டுப் போனது போல மற்ற முதலாளிகளிடம் பெருமை பேசிக்கொள்வார். பேசட்டும். செய்தவருக்குப் பேச உரிமை உண்டு.

தம்பிக்கு ஆர்.கே.பேட்டையிலிருந்துதான் பெண் எடுத்தோம். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று பெண்ணின் அப்பா கேட்டபோது, "தறி ஓட்டறாரு" என்று சொன்னேன் பாருங்கள், அந்த இரண்டு வார்த்தைக்காக எத்தனை வாசல் ஏறினேன் என்று எனக்குத்தான் தெரியும். வரலட்சுமி வந்தாள், பிள்ளைகள் பிறந்தன. அவை வாயால் பேசுவதற்கு முன் கையால் பேசின.

எண்பத்திரண்டாம் வருஷம் பச்சையப்பனுக்குக் கண் புரை விழுந்தது. எதிரில் கை தூக்குகிறார்களா இல்லையா என்று தெரியாதவன் இந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று அவரே சுவிட்சை விட்டு விலகினார். அடுத்த மேஸ்திரி யார் என்று முதலாளியின் மகன் கேட்டான். அப்பாவுக்கு வயதாகிவிட்டதால் அவன்தான் அப்போது ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சையப்பன் தம்பியின் தோளைத் தடவிக் கண்டுபிடித்து, அவனை முன்னால் தள்ளினார்.

மேஸ்திரியாக அவன் நின்ற முதல் நாளே மத்தியானம் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் பல்பு எரிந்தது. தம்பி சுவிட்சில் கை வைத்தான். கைகள் எழுந்தன. புதிதாகச் சேர்ந்த ஒருவன், இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறவன், பக்கத்துத் தறிக்காரனோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். தம்பி சுவிட்சைப் போடவில்லை. வாசலிலிருந்து சின்ன முதலாளி, "போடு, போடு" என்று கத்தினான். தம்பி அந்தப் பக்கமே திரும்பவில்லை. யார் கத்தினாலும் அவசரப்படாத மேஸ்திரி எங்கள் ஷெட்டுக்குத்தான் வாய்த்தார் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் பேச்சுக்காரன் விழித்துக்கொண்டு கையைத் தூக்கினான்.

அப்போதும் சுவிட்ச் விழவில்லை. தம்பி ஷெட்டைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு வந்தவன், என்னிடம் வந்து நிறுத்தினான். தார் சுற்றும் இயந்திரமும் அந்த மோட்டாரில்தான் ஓடுகிறது. அவனைப் பார்த்துக்கொண்டு நின்றதில் நான் கையைத் தூக்க மறந்துவிட்டேன். படியில் யாரோ காசு வைத்துவிட்டுப் போன அந்தக் கை சுவிட்சின் மேல் இருந்தது. ஷெட்டு முழுவதும் அந்தக் கைக்காகக் காத்திருந்தது. அக்கா என்று அவன் சலுகை காட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைத் தூக்கினேன்.

போட்டான்.